ஆளா, இரும்பா?

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான், ஒரு பி.ஏ. மாணவியை இங்கிலீஷில் ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். இதை இனிமேல் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஓசூரில் எங்கள் கம்பெனிக்கே தெரியும். கிருஷ்ணகிரியில் ஒரு வகுப்பறைக்கே தெரியும். அந்த மாணவி வேறு யாரும் இல்லை, என் மனைவி ரெஜினா.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் கிடையாது. சொந்த ஊர் சாமல்பட்டிப் பக்கம். ரொம்பக் கூச்ச சுபாவம். பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால் "இறங்கணும்" என்று குரல் கொடுக்க வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, திரும்பி நடந்து வருகிற ஆள். (ஒரு தடவை யாருமே இறங்காமல் பாகலூர் வரைக்கும் போய்விட்டேன்.) வேலையும் அதற்கேற்ற மாதிரி அமைந்தது. வண்டிகளுக்கு ஷாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு, செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. தண்டை அளக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி. இருபது வருஷத்துக்கு மேலாகப் புள்ளி வைக்கிறேன். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வேலையில்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. கம்பெனி டிராயிங்கில் எல்லாமே பெரிய எழுத்தில் இருக்கும். அதனால் பெரிய எழுத்து மட்டும் படிப்பேன். சின்ன எழுத்து என்றால் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். படிப்பதோடு நாற்பது, நாற்பத்தைந்து வார்த்தைக்கு அர்த்தமும் தெரியும். டாலரன்ஸ், டெம்பர், ஃபெடீக், ஸ்ட்ரெஸ், பேரிங் என்று அடுக்குவேன். அஞ்சாவது படித்தவனுக்கு இதுவே அதிகம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் எங்களைக் கவிழ்த்தது.

ரெஜினா பன்னிரண்டாவது பாஸ். அவள் வேலை செய்வது வேறொரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில், கான்ட்ராக்டில். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டுக்கு மஞ்சள் பட்டை. ஸ்டாஃபுக்கு நீலப் பட்டை. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் கணக்கு ஏறாமல் நின்றால் எல்லோரும் ரெஜினாவைத்தான் கூப்பிடுவார்கள். சரி செய்துவிட்டு மறுபடி வந்து அட்டைப்பெட்டி ஒட்டுவாள். "ஒரு டிகிரி மட்டும் இருந்தா உங்கள ஸ்டோர்ஸுக்கே எடுத்துருவேன்மா" என்று மேனேஜர் ஒரு நாள் சொன்னார். அன்று சாயங்காலமே தபால் வழிப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டாள்.

மூன்று வருஷத்தில் எல்லா பேப்பரையும் முடித்தாள், இங்கிலீஷ் ஒன்றைத் தவிர. அதில் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, கீழே கேள்வி கேட்பார்கள். வார்த்தைக்கு அர்த்தம் கேட்பார்கள், தலைப்பு வைக்கச் சொல்வார்கள். இரண்டு முறை எழுதினாள், இரண்டு முறையும் போய்விட்டது. மூன்றாவதுதான் கடைசி. அதிலும் போனால் பதிவு ரத்தாகிவிடும், எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுத வேண்டும். "அப்படி ஆச்சுன்னா மஞ்சப் பட்டையோடவே ரிட்டையர் ஆயிக்கிறேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று ராத்திரி ரசத்தில் உப்பே இல்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு காலேஜில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. அதற்காக ஞாயிறு பூசையைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிக்கொண்டோம். நான் பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து கூட்டி வருவேன். அங்கே முந்நூறு வார்த்தை கொண்ட ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். வெறும் வார்த்தைகள்தான். அர்த்தத்தை அவரவர் டிக்‌ஷனரியில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுக்க வசதியாக ரெஜினா அத்தனையையும் ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள். முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுவில் 'டாலரன்ஸ்' உட்கார்ந்திருக்கிறது! அடுத்த பக்கத்தில் 'டெம்பர்'! சொந்தக்காரர்களைத் திருவிழாவில் பார்த்த மாதிரி இருந்தது.

"இதுக்கெல்லாம் டிக்‌ஷனரி எதுக்கு? நான் இருக்கேன்ல" என்றேன்.

"நிஜமா தெரியுமா?"

"ஏம்மா, தினமும் இதுலதானே சோறு திங்கிறேன்."

சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்துப் பாடம் நடத்தினேன். டப்பாவுக்கும் மூடிக்கும் நடுவில் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று விட்டுக்கொடுக்கிற அளவுதான் டாலரன்ஸ். டெம்பர் என்றால், இரும்பைக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி லேசாகச் சூடுகாட்டிப் பக்குவம் பண்ணுவது. ஃபெடீக் என்றால், ஓயாமல் சுற்றிச் சுற்றி இரும்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் விழுகிற விரிசல். வாழ்க்கையில் நான் தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் பேசியது அன்றுதான். ரெஜினா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். எங்கள் மகள் பிரின்சி, அப்போது பத்தாவது, வாசலில் நின்று "அம்மா, அப்பாவுக்குப் பேச்சு வந்துருச்சு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

அவள் சரியாகச் சொன்ன வார்த்தைக்குப் பச்சைப் புள்ளி, தப்பாகச் சொன்னதற்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். டிக்‌ஷனரியில் பார்த்துத் தமிழில் எழுதி வைத்த வார்த்தைகளில் பாதிக்குச் சிவப்பு விழுந்தது. நான் சொல்லிக்கொடுத்த நாற்பத்திரண்டுக்கும் பச்சை. ஒரு ரிஜெக்ட் கிடையாது! (கம்பெனியில்கூட அப்படி ஒரு நாள் அமைந்ததில்லை.)

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாதிரித் தேர்வு வைத்தார்கள். எழுதிவிட்டு வந்தவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "பத்தி பூரா உங்க வார்த்தைங்க! டாலரன்ஸ், ஸ்ட்ரெஸ், ஃபெடீக், டெம்பர், எல்லாம் வந்துருச்சு" என்றாள். அன்று சூளகிரியில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு போண்டா சாப்பிட்டோம். குருவுக்குக் கூடுதலாக ஒன்று.

அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரியில் நல்ல மழை. வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டிருந்த என்னை, இங்கிலீஷ் மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "ஏங்க, உள்ள வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்க. காலேஜ் ஒண்ணும் கரைஞ்சிராது" என்றார். போய் சுவரோடு சுவராக உட்கார்ந்தேன். நர்ஸ், கான்ஸ்டபிள், கடைக்காரர், பிள்ளை பெற்றவர்கள் என்று முப்பது பேர் இருந்தார்கள். ரெஜினா இரண்டாவது பெஞ்சில் இருந்தாள்.

மேடம் திருத்திய தாள்களை மேஜையில் வைத்தார்.

"பத்தி என்னன்னு ஞாபகம் இருக்கா? ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ். சத்தத்தைப் பொறுத்துக்க மாட்டாங்க. வேலைல மனசு இறுகி, உடம்பு அசந்துபோய், ஒரு நாள் கோபத்துல ஒரு பையனைத் திட்டிடுறாங்க. அப்புறம்தான் தெரியுது, அவனுக்குக் காது கேக்காதுன்னு. இவ்வளவுதான் கதை. இதுக்கு ஒருத்தங்க எழுதின பதிலைத் தமிழ்லயே சொல்றேன், கேளுங்க. பேரு சொல்ல மாட்டேன்."

ஒரு தாளை எடுத்தார்.

"கேள்வி ஒண்ணு. ஹெட்மிஸ்ட்ரஸ் ஏன் கத்தினார்? பதில்: அவருக்கு டாலரன்ஸ் குறைவாக இருந்ததால் இறுக்கமாக மாட்டிக்கொண்டார். சுற்றும்போது சத்தம் வந்தது."

வகுப்பு சிரித்தது.

"கேள்வி ரெண்டு. அவர் டெம்பரை இழந்த பிறகு என்ன செய்திருக்க வேண்டும்? பதில்: அவரைச் சிவக்கும் வரை காய்ச்சி, எண்ணெயில் முக்கி எடுத்து, மறுபடியும் மெதுவாகச் சூடாக்க வேண்டும்."

கான்ஸ்டபிள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? டெம்பர் போனால் எண்ணெயில் முக்கித்தானே ஆக வேண்டும்? சரியான பதில் என்று நான்பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"கடைசியா, இந்தப் பத்திக்கு வச்சிருக்கிற தலைப்பு: ஹெட்மிஸ்ட்ரஸ் மெயின்டனன்ஸ்."

அப்போதுதான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் தலை நோட்டுக்குள் போயிருந்தது. பின்கழுத்து சிவந்திருந்தது. என் தலையாட்டம் பாதியில் நின்றது.

மேடம் தாளை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பேர் சொல்ல மாட்டேன் என்றவர் மறந்துவிட்டார் போல. "இருபதுக்கு நாலு. ரெஜினா, இது எந்த கைடுங்க? அந்த கைடைத் தூக்கித் தூரப் போடுங்க முதல்ல."

ரெஜினா எழுந்தாள். "பழைய கைடு மேடம்."

"எந்த வருஷத்துப் பதிப்பு?"

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் அவள் மானம் தப்பித்திருக்கும். அவள் பார்க்கவில்லை. முப்பது பேருக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நிற்கிறாள்.

பின்பெஞ்சில் ஒரு ஆள் எழுந்து நின்றது. பார்த்தால் அது நான்!

"மேடம்" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "நான்தான் மேடம் அந்த கைடு."

முப்பது தலையும் திரும்பின. கால் இரண்டும் ஆடத் தொடங்கின. மாட்டிய தண்டு இப்படித் தளர்ந்து ஆடினால், எங்கள் பாஷையில் அதற்கு 'ப்ளே' என்று பெயர்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது மேடம்." அது போதாதோ என்று தோன்றியது. "பாஸ் மேடம்."

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமானது. மழைச் சத்தமே கேட்கவில்லை. நான் பாதி அழுதுகொண்டே ஒப்பித்தேன்: செக்கிங் வேலை, பெரிய எழுத்து, நாற்பத்திரண்டு வார்த்தை, சாப்பாட்டு டப்பா. "அவங்க மேல தப்பு இல்லைங்க மேடம். டிக்‌ஷனரி பாக்கறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன்."

மேடம் மேஜையிலிருந்த தடி டிக்‌ஷனரியைப் புரட்டினார். "உக்காருங்க" என்றார். "நீங்க சொன்ன அர்த்தம் அத்தனையும் இதுல இருக்கு. நாலாவதாவோ அஞ்சாவதாவோ இருக்கு. அர்த்தம் தப்பில்ல, உக்காந்த எடம்தான் தப்பு. அந்த வார்த்தைக்குப் பக்கத்துல யார் இருக்காங்கன்னு பாக்கணும். ஆளு இருக்கா, இரும்பு இருக்கா? அதைப் பாத்துட்டு அர்த்தம் சொல்லுங்க."

பிறகு ரெஜினாவின் தாளை மறுபடி வாங்கி, ஒரு வரியைக் காட்டினார். "அந்த நாலு மார்க்கு எங்க போட்டேன்னு பாத்தீங்களா? ஹெட்மிஸ்ட்ரஸுக்கு வந்த ஃபெடீக் எப்படிப்பட்டதுன்னு கேட்டிருந்தேன். எல்லாரும் அசதின்னு எழுதினாங்க. நீங்க, 'வெளியே பார்த்தால் தெரியாது, உள்ளுக்குள்ளே விரிசல் விட்டிருந்தது'ன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு மட்டும் முழு மார்க்."

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே நெஞ்சை நிமிர்த்தினேன். (அவமானப்பட்டு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெட்கம் கெட்டவன்.) உடனே கான்ஸ்டபிள் திரும்பி, "கைடு சார், பத்தாவது பக்கத்துக்கு அர்த்தம் சொல்லுங்க" என்று கையைத் தூக்க, மறுபடியும் ஒரே சிரிப்பு. ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது சூளகிரியில் போண்டாக் கடையில் நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

"எனக்கும் சந்தேகம் வந்துச்சு" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "ஒரு பொம்பளைய எப்படி எண்ணெயில முக்குவாங்கன்னு. ஆனா நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க. யுனிவர்சிட்டி லெவல்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு எழுதிட்டேன்."

"இனிமே நான் வாயே தொறக்கல ரெஜினா. நீ வேற யார்கிட்டயாவது கேட்டுக்கோ."

"வேற யார் இருக்கா எனக்கு? நாப்பத்திரண்டு பீஸைக் கெடுத்துட்டு வேலைய விட்டுப் போறேன்னா உங்க கம்பெனில விடுவாங்களா? ரீவொர்க் பண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

பண்ணினோம். ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு நான் வருவேன். அவள் ஐந்து மணிக்கு வருவாள். வந்ததும் அவள் பீன்ஸ் நறுக்க, நான் நோட்டைப் பிடித்துக்கொள்வேன். நாற்பத்திரண்டு பச்சைப் புள்ளியையும் அடித்துவிட்டு, சிவப்பிலிருந்து ஆரம்பித்தோம்.

"பேரிங். ஆளா, இரும்பா?"

"ஆளா இருந்தா தோரணை. இரும்பா இருந்தா உள்ள குண்டு வச்ச வளையம்."

"ஃபைல்?"

"ஆபீஸ்ல இருந்தா காகிதக் கட்டு. உங்க கையில இருந்தா அரம்."

"டிப்ரெஷன்?"

"ஆளா இருந்தா மனசு சோந்து போறது. இரும்பா இருந்தா பள்ளம்."

"வானமா இருந்தா புயல்" என்று பிரின்சி உள்ளே இருந்து குரல் கொடுப்பாள். "அது என்னம்மா, உலகத்துல ஆளும் இரும்பும் மட்டும்தான் இருக்குதா?"

நல்ல கேள்விதான். நாங்கள் காதில் வாங்கவில்லை. ஓசூரில் இருப்பவனுக்கு உலகத்தில் வேறென்ன இருக்கிறது?

ரெஜினா பஸ்ஸில் இங்கிலீஷ் பேப்பர் படிக்க ஆரம்பித்தாள். தெரியாத வார்த்தை வந்தால் உடனே டிக்‌ஷனரியைத் தேடாமல், முன்வரி பின்வரியைப் பார்த்து ஒரு அர்த்தம் யோசித்து வைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து சரிபார்ப்பாள். முதலில் பத்துக்கு இரண்டுதான் சரியாக வரும். போகப் போக ஏழு எட்டு வந்தது. எனக்கு அந்தப் பேப்பர் எறும்புப் புற்றுதான். ஆனாலும் வீட்டில் அவள் மறுபடி படிக்கும்போது கூடவே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் கண் ஒரே வரியில் தடுக்கித் திரும்பத் திரும்ப ஓடியது போய், வரிவரியாக இறங்க ஆரம்பித்தது. அதை அளக்க எந்த கேஜும் தேவைப்படவில்லை.

பரீட்சை அன்று வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஜெபமாலையை எத்தனை தடவை உருட்டினேன் என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். மணி அடித்தது. எல்லோரும் வந்தார்கள். கடைசியாக ரெஜினா வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பத்தி எதப் பத்தி? ஆளா, இரும்பா?"

"பாலம்."

எனக்கு உயிர் வந்தது. "இரும்புப் பாலம்தானே? அப்ப நம்ம..."

"மரப்பாலம்ங்க."

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மொதல்ல ஆளான்னு பாத்தேன், இல்ல. இரும்பான்னு பாத்தேன், அதுவும் இல்ல. உங்கள நெனச்சு நல்லா நாலு வார்த்தை திட்டினேன். அப்புறம் மேடம் சொன்னது ஞாபகம் வந்துச்சு. பக்கத்துல யார் இருக்காங்கன்னு பாத்தேன். ஆறு இருக்குது, மழை இருக்குது, சேந்து பாலம் கட்டற ஊர்க்காரங்க இருக்காங்க. அவங்களே அர்த்தம் சொல்லிட்டாங்க."

"தலைப்பு?"

"என்னவோ வச்சேன். மெயின்டனன்ஸ்னு வைக்கல."

ரிசல்ட் வந்த அன்று பிரின்சிதான் போனில் பார்த்தாள். நாற்பது வேண்டும். ஐம்பத்தேழு! ரெஜினா மார்க்கைக் கேட்டுவிட்டு போய் அடுப்பிலிருந்து பாலை இறக்கினாள். அப்படியே அங்கேயே நின்று அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ஓகே பீஸ்."

அழுகையோடு சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

நீலப் பட்டை வர மேலும் நாலு மாதம் ஆனது. வந்த அன்று வீட்டில் கழற்றவே இல்லை. அதோடுதான் சப்பாத்தி சுட்டாள். இப்போது ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, இங்கிலீஷில் வருகிற கடிதத்துக்கு இங்கிலீஷில் பதில் போடுகிறாள். நானோ இந்த ஊரில் என் பேரையே இழந்துவிட்டேன். அந்த கான்ஸ்டபிளின் மச்சான் எங்கள் கம்பெனியில்தான் வேலை செய்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்து மெஷின் மஞ்சுநாத் இன்றைக்கும் காலையில் "ஏனப்பா கைடு, ஊட்டா ஆயித்தா?" என்று கன்னடத்தில் கூப்பிட்டுத்தான் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரிக்கிறார். கேன்டீனில் டோக்கன் கொடுப்பவர்கூட "கைடுக்கு ஒரு சாப்பாடு" என்கிறார். வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் போதும், பிரின்சி எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து முன்னால் வைத்துவிடுகிறாள். கல்யாண வீட்டில் யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால், ரெஜினா தாண்டிப் போகும்போது குனிந்து கேட்கிறாள்: "ஆளா, இரும்பா?"

பட்டம் தபாலில் வந்தது. மகளும் அம்மாவும் மாறி மாறிப் படித்தார்கள். எல்லாம் வளைந்து வளைந்து சின்ன எழுத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஒரு வரி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ரெஜினா. இன்னொரு தடவை, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து செக் பண்ணினேன். கூடக் குறைய எதுவும் இல்லை. என் கை தன்னால் சட்டைப் பைக்குள் போய் மார்க்கரை எடுத்தது.

"ஏங்க!" என்று ரெஜினா பாய்ந்து வந்து பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

இப்போது அது கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெள்ளை அடிப்பதற்காகக் கழற்றினால் மட்டும்தான், பின்பக்க அட்டையின் மூலையில் இருக்கிற பச்சைப் புள்ளி தெரியும்.